நாக்கில் தேறிய துணி

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கமாட்டேன். அதற்குள் நாலு வேலை பார்த்துவிட்டு ஓடிவருவேன், பால் பாதி அடுப்பில் இருக்கும். அப்படிப்பட்டவளைத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பனியன் தொழிலில் காத்திருப்பதைத் தவிர என்ன இருக்கிறது? மில்லிலிருந்து நூல் வரக் காத்திருக்க வேண்டும். அதைத் துணியாகப் பின்னித் தருகிறவருக்குக் காத்திருக்க வேண்டும். பின்னிய துணி சலவைப் பட்டறையில் வெளுத்து வர வேண்டும், வெட்ட வேண்டும், தைக்க வேண்டும், பெட்டியில் அடுக்கிக் கல்கத்தாவுக்கு ரயிலேற்ற வேண்டும். அப்புறம் கல்கத்தா வியாபாரி என்ன சொல்கிறாரோ என்று தபால்காரர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு தடவை தபாலுக்குப் பதில் சரக்கே திரும்பி வந்துவிட்டது.

மரப்பெட்டியை உடைத்து என் வீட்டுக்காரர் ஒரு பனியனை எடுத்தார். பார்வைக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. கழுத்துப் பக்கம் இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து லேசாக இழுத்தார். நமுத்துப்போன அப்பளம்போலச் சத்தமே இல்லாமல் பிய்ந்தது. அடுத்ததை எடுத்தார், அதுவும் பிய்ந்தது. தைக்கிற பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

என்னை ஏன் பார்த்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் துணியை வெளுத்துக் கொடுத்தது என் அண்ணன். நொய்யல் கரையில் எங்கள் பிறந்தவீட்டுச் சலவைப் பட்டறை இருந்தது. அப்பாவுக்குப் பிறகு அண்ணன்தான் அதை நடத்தினார்.

துணியை வெளுப்பது சும்மா தோய்த்துக் காயப்போடுகிற சோலி இல்லை. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு ஆசிட் கலந்த தொட்டியில் முக்கி எடுப்பார்கள். கடைசியில் நல்ல தண்ணீரில் அலசு அலசென்று அலச வேண்டும். அந்த அலசலில் குறை வைத்தால் ஆசிட் துணிக்குள்ளேயே தங்கிவிடும். அன்றைக்குப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மல்லிகைப்பூ மாதிரி இருக்கும். பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நூலைத் தின்னும்.

ஆசிட் முழுக்கப் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்? நாக்கால்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எல்லாப் பட்டறையிலும் அதுதான் முறை. அலசிய துணியின் ஒரு முனையைப் பட்டறைக்காரர் நாக்கில் வைத்துப் பார்ப்பார். புளித்தால் இன்னும் அலசு என்பார். புளிக்காவிட்டால் "தேறிருச்சு" என்பார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்வரை தொட்டிக்குள் நிற்கிற ஆட்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதில் என் அண்ணன் நாக்கு பேர்போன நாக்கு. இரண்டு பட்டறைக்காரர்களுக்குள் தகராறு வந்தால் துணியை அண்ணனிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

இப்போது அந்த நாக்கு தேற்றி அனுப்பிய துணிதான் பிய்ந்துபோய்க் கிடந்தது.

எங்கள் கொங்குநாட்டு மரியாதை இருக்கிறதே, அதைப்போல மனுஷரை வதைக்கிறது வேறொன்றும் இல்லை. என் வீட்டுக்காரரும் அண்ணனும் நேருக்கு நேர் நின்று ஒரு சத்தம் போட்டிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். போட மாட்டார்களே! ஒருவருக்கொருவர் மச்சானுங்க, மாப்பிள்ளைங்க என்று காப்பி கொடுத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் என் தலையில் கட்டினார்கள்.

"ஏம்புள்ள, உங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்பாரு, ஆசிட் கொஞ்சம் கூடிப்போச்சான்னு" என்பார் இவர்.

போய்க் கேட்பேன். "மாப்பிள்ளைகிட்டச் சொல்லு அம்மிணி, மில்லுக்காரன் மட்ட நூலா தள்ளி உட்டுட்டான்னு" என்பார் அவர்.

மில்லுக்காரரைக் கேட்டால் பின்னுகிறவர் என்றார். பின்னுகிறவரைக் கேட்டால், "தைக்கற மிஷினு எண்ணெய் என்ன எண்ணெயுங்க?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார். ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டினார்கள். யார் சொல்வது நிஜம் என்று பார்க்க எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு வழி ஊரில் இல்லை. நூலுக்கு ஒருவர் கண், துணிக்கு ஒருவர் கை, சலவைக்கு ஒருவர் நாக்கு, இதை நம்பித்தான் மொத்த ஊரும் கல்கத்தாவுக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. எனக்கு எல்லார் தலையையும் பிடித்து ஒன்றோடொன்று முட்டவேண்டும்போல இருந்தது.

ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது இவர் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த லாட்ட வேற பட்டறைக்குப் போடலாம்னு பாக்கறேன்."

எனக்குத் திக்கென்றது. இது ஒரு லாட் துணியோடு நிற்கிற சங்கதி இல்லை. சொந்த மாப்பிள்ளையே துணியை எடுத்துவிட்டார் என்று தெரிந்தால் மறுநாளே மற்ற கம்பெனிக்காரர்களும் எடுத்துவிடுவார்கள். பட்டறை மூடவேண்டியதுதான். அப்புறம் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பொங்கலுக்குப் பிறந்தவீடு போவேன்? போனால்தான் அண்ணன் வாசலில் நின்று வா என்பாரா?

"ஏனுங்க, கொஞ்சம் பொறுங்க" என்றேன். பொறுமையைப் பற்றி நான் பேசுகிறேனே என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்த வரைவு வந்தது. பருத்திப் பனியன் எப்படி இருக்கவேண்டும் என்று நாடு முழுவதற்கும் ஒரே அளவுமுறையைச் சர்க்காரில் எழுதப் போகிறார்களாம். அதற்கு முன்னால் தொழில் செய்கிறவர்கள் அபிப்பிராயம் சொல்லவேண்டும் என்று, இங்கிலீஷில் தட்டச்சு செய்த தாள்களை எங்கள் பனியன் தொழில் சங்கத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரியே வந்து கூட்டம் போட்டுக் கேட்கப் போகிறார் என்றார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், இங்கிலீஷ் கொஞ்சம் ஓடும். அதனால் இவர் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, "என்னதான் எழுதியிருக்காங்கன்னு படிச்சுச் சொல்லு புள்ள" என்றார்.

அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். மார்பளவு எவ்வளவு, நூல் என்ன நம்பர், அங்குலத்துக்கு எத்தனை கண்ணி, தோய்த்தால் எவ்வளவு சுருங்கலாம் என்று வரிசையாக இருந்தது. ஒரு பத்திக்கு வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். சலவைக்குப் பிறகு துணியில் ஆசிட் தங்கியிருக்கக் கூடாது என்று எழுதி, அதைச் சோதிக்கிற வழியும் கொடுத்திருந்தார்கள். நீல லிட்மஸ் காகிதம்! துணியின் ஈரத்தில் தொட்டால் ஆசிட் இருந்தால் சிவக்கும். பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்துச் செய்து பார்த்ததுதான். இதைப் போய் இத்தனை வருஷமாக நாக்கால் நக்கிக்கொண்டிருக்கிறார்களே, அட கருமமே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

இவர் கோயமுத்தூர் போனபோது அந்தக் காகிதத்தை வாங்கிவரச் சொன்னேன். வாங்கிவந்து கொடுத்துவிட்டு வெட்டுகிற மேசைக்குப் போய்விட்டார். நான் திரும்பி வந்த பனியனில் ஒன்றைக் கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து காகிதத்தால் தொட்டேன். சிவந்தது. சரி, பழைய சரக்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அன்று காலையில்தான் அண்ணன் பட்டறையிலிருந்து புதுத் துணி வந்திருந்தது. அதிலும் ஒரு துண்டை ஊறவைத்துத் தொட்டேன். அதுவும் சிவந்தது. காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கொல்லைக்கும் முன்கட்டுக்குமாக நடந்தேன். அண்ணன் தெரிந்தே ஏமாற்றுகிற ஆள் இல்லை. பின்னே எப்படி?

நடந்துகொண்டிருக்கும்போதே அந்த ரசம் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வாரம் அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். நான் அவசரத்தில் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் ஒரு வாய் வைத்ததும் என்னை முறைத்துவிட்டு உப்பு ஜாடியை இழுத்தார். அண்ணன் மட்டும், "ரசம் நல்லா இருக்குது கண்ணு, இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்று மறுபடி வாங்கிக் குடித்தார். தங்கச்சி மனசு நோகக் கூடாதென்று பெருந்தன்மையாகக் குடிக்கிறார் என்று நான் உருகிப்போயிருந்தேன். அவர் மரியாதைக்குக் குடிக்கவில்லை. அவருக்குத் தெரியவேயில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் பட்டறைக்குப் போனேன். ஆவியும் நெடியும் கண்ணைக் கரித்தன. அண்ணன் தொட்டி ஓரமாகக் குனிந்து துணி முனையை நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். ஆட்கள் அசையாமல் நின்றார்கள்.

"தேறிருச்சு" என்றார்.

நான் அந்தத் துணியை வாங்கிப் பிழிந்து, காகிதத்தால் தொட்டு, அவர் முன்னால் நீட்டினேன். "அண்ணா, செவந்திருச்சு பாருங்க."

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. "காயிதம் சொல்றத நம்புவே, அண்ணஞ் சொல்றத நம்ப மாட்டயா? மாப்பிள்ளை சொல்லி உட்டாரா?"

"அவருக்குத் தெரியாதுங்கண்ணா." குரலைத் தாழ்த்தினேன். "போன வாரம் ரசத்துல நான் உப்பே போடலீங்க. நீங்க ரெண்டாந்தடவை வாங்கிக் குடிச்சீங்க."

அவர் ஆட்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைத் துணி காயப்போடுகிற களத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சுற்றிலும் கயிற்றில் துணி தொங்கியது, நாங்கள் யார் கண்ணிலும் படமாட்டோம்.

"எப்ப இருந்துங்கண்ணா?"

"ஒரே நாள்லயா போச்சு? இந்த நெடியில நின்னு நின்னு மொதல்ல மூக்கு போச்சு. அப்புறம் உப்பு தெரியல. புளிப்பு இருந்துட்டுத்தான் இருந்துச்சு. அதும் எப்பப் போச்சுன்னு தெரியல கண்ணு."

"அப்பறம் எதை வெச்சுங்க தேறிருச்சுன்னு சொல்றீங்க?"

"எல்லாரும் என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறாங்கல்லொ. என்னமோ ஒண்ணு சொல்லோணுமல்லொ" என்றார். குழந்தை மாதிரி சொன்னார். "எப்பவும் அலசறாப்பல அலசியாச்சு, சரியாத்தான் இருக்கும்னு சொல்லிப் போடறேன். ராத்திரில தூக்கமே வர்றதில்ல."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "நாளைக்குக் கூட்டத்துல அந்தக் காயிதம் வேணும்னு நீங்களே சொல்லிருங்கண்ணா. சட்டத்துல அது வந்துட்டா யாரு நாக்கையும் நம்ப வேண்டியதில்ல. உங்களையும் ஒருத்தரும் கொறை சொல்ல மாட்டாங்க."

அவர் சிரித்தார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு. "நல்லாச் சொன்ன போ. அது வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் பட்டறைக்காரங்க எல்லாஞ் சேந்து என்னையப் பேசச் சொல்லியிருக்காங்க. நானும் சரீன்னு தலையாட்டிட்டேன்."

அதற்குமேல் அங்கே நின்றால் கத்திவிடுவேன் என்று திரும்பிவிட்டேன். இவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று வீடுவரை நினைத்தேன். சொன்னால் பட்டறை அன்றோடு போச்சு. சொல்லாவிட்டால் புதுத் துணியையும் தைத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிடுவார், எங்கள் கம்பெனி போச்சு. கடைசியில், "கூட்டம் முடியறவரைக்கும் அந்தத் துணிய வெட்டாதீங்க" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கூட்டம் சங்கக் கட்டடத்தில் நடந்தது. பெஞ்சு நிறைய ஆம்பிளைகள். வரைவைப் படித்துச் சொல்வதற்காக இவர் என்னையும் கூட்டிவந்திருந்தார். கதவோரம் நாற்காலி போட்டார்கள். மெட்ராஸ் அதிகாரி கண்ணாடி போட்ட, நிதானமான மனுஷர். ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லி அபிப்பிராயம் கேட்டார். மார்பளவு பற்றியே பொழுது பாதி போனது. அங்குலமா சென்டிமீட்டரா என்று அடித்துக்கொண்டார்கள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடிப்பதும் மறுபடி உட்காருவதுமாக இருந்தேன். "கம்முனு இரு புள்ள" என்று இவர் கிசுகிசுத்தார்.

ஆசிட் பத்தி வந்ததும் பெஞ்சில் சலசலப்பு. ஒரு தடித்த பட்டறைக்காரர் எழுந்தார். "ஏனுங்க சார், இது மெட்ராஸ் தண்ணிக்கு எழுதுனதுங்களா? எங்கூர்ல ஒவ்வொரு கிணத்துத் தண்ணியும் ஒவ்வொரு மாதிரிங்க. காயிதம் தண்ணியப் பாத்துச் செவக்குதா, ஆசிட்டப் பாத்துச் செவக்குதா, யாரு கண்டா?"

அதிகாரி கோபப்படவில்லை. நியாயமான கேள்வி என்றார். முதலில் வெறும் கிணற்றுத் தண்ணீரில் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு துணி பிழிந்த தண்ணீரில் தொட்டு, இரண்டையும் ஒப்பிடவேண்டும் என்று சேர்த்துவிடலாமா என்று கேட்டார். இன்னொருவர், எங்கள் துணி குழாய் மாதிரி வருவது, வெளியே அலசல் நன்றாக இருந்தாலும் நடு மடிப்பில் ஆசிட் நிற்கும் என்றார். அப்படியானால் நடு மடிப்பிலிருந்து பிழியவேண்டும் என்று அதையும் எழுதிக்கொண்டார். இவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதெல்லாம் எதுக்குங்க? எங்களுக்கு நாக்கு இருக்குது. அண்ணனைக் கேளுங்க, அவரு சொல்லுவாரு" என்று யாரோ சத்தம் போட்டார்கள். எல்லார் தலையும் என் அண்ணன் பக்கம் திரும்பியது.

அண்ணன் எழுந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"நாக்கு இருக்கறப்ப காயிதம் எதுக்குன்னு சொல்லச் சொல்லித்தான் என்னைய எந்திரிக்கச் சொல்லியிருக்காங்க" என்று ஆரம்பித்தார். "நானும் அதத்தான் சொல்லோணும்னு வந்தேனுங்க. ஆனா எனக்கு நாக்கு இல்லீங்க. செத்துப்போச்சு. உப்பும் தெரியறதில்ல, புளிப்பும் தெரியறதில்ல. எங்க மாப்பிள்ளை சரக்கு கல்கத்தாவுல இருந்து திரும்பி வந்துச்சுங்களே, அது நூலு குத்தமில்லீங்க. நான் தெரியாமயே தேறிருச்சுன்னு சொன்னது. காயிதத்த எழுதிக்கங்க."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?" என்று உதடு மட்டும் அசைந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அப்போது, கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்ட அந்தத் தடித்த மனுஷர் உட்கார்ந்தபடியே சொன்னார்: "எனக்குந்தானுங்க. ஊட்ல சொன்னதில்ல."

பின்னால் இருந்து ஒருவர், "நமக்கும் ரொம்ப நாளாச்சு" என்றார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ருசி சரியாத் தெரியறவங்க மட்டும் கை தூக்குங்க" என்றார். பட்டறைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுகளில் இரண்டு கைகள்தான் எழும்பின. இரண்டும் அந்த வருஷம்தான் தொழிலுக்கு வந்த இளவட்டங்கள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனிடம் தகராறுத் துணியைக் கொண்டுவந்து நீட்டியவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். ஊரே போட்டுக்கொள்கிற பனியன், நாடே போட்டுக்கொள்கிற பனியன், ஒரு ருசியும் தெரியாதவர்கள் தேற்றித் தேற்றி அனுப்பியது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அந்தப் பத்தியை அதற்குப்பின் யாரும் எதிர்க்கவில்லை. கிணற்றுத் தண்ணீர், நடு மடிப்பு எல்லாம் சேர்த்துத் திருத்தி எழுதி, அதிகாரி ஒரு தடவை வாசித்துக் காட்டினார். சரிங்க, சரிங்க என்றார்கள்.

வெளியே வந்ததும் இவர் நேராக அண்ணனிடம் போனார். சண்டை போடப் போகிறாரோ என்று நானும் பின்னால் ஓடினேன். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மச்சான், ஊட்ல இருக்கற துணியத் திருப்பி அனுப்பறனுங்க. நல்லா அலசிக் குடுத்துருங்க. அடுத்த லாட்டும் உங்களுக்குத்தான்" என்றார். முதல் தடவையாக நான் நடுவில் இல்லாமல் இருவரும் பேசினார்கள்.

அண்ணன் சரியென்று தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணா, எம்மேல கோவமுங்களா?"

"கோவப்படறதுக்கு நேரமில்ல கண்ணு, உடு" என்றார். கண் சிவந்திருந்தது. "இன்னிக்குக் காலைல கெளம்பறப்பக்கூட ஒரு தொட்டித் துணிய நாக்குல வெச்சுப் பாத்துட்டுத் தேறிருச்சுன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். காயறதுக்குள்ள போகோணும். அந்தக் காயிதம் இருந்தாக் குடு."

முந்தானை முடிச்சை அவிழ்த்து இருந்ததையெல்லாம் அவர் கையில் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த வயசிலும் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போனார்.